பேட்டரிக்கு வைத்த பொட்டு

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் குடியிருக்கும் கிருஷ்ணவேணியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நசுங்கிய வண்டியோடுதான் வருவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் தொழில். வண்டி எப்படி அடிபட்டது என்று சொந்தக்காரர் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு அதே கேள்வியை வண்டியிடமும் ஒருமுறை கேட்பார். இரண்டு பதிலும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் அவருடைய வேலை தொடங்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தவளிடம் வண்டி எதுவும் இல்லை. ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில் இருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள் பாதி வழியில் இறங்கி இங்கே நடந்து வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பெயர் இருதயமேரி.

"எங்க வீட்டுக்காரர் பண்ண ஒயரிங்கால ஒரு மனுசன் சாகக் கெடக்கறாருன்னு சொல்றாங்க மேடம்," என்றாள். "அவரு கைவேலையில நெருப்பு வராது. எனக்குத் தெரியும். ஆனா பொண்டாட்டி சொன்னா யாரு கேப்பாங்க?"

பக்கத்து வீட்டு அப்பாதுரை அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். உத்தியோகம் முழுக்க அடுத்தவர் கடிதங்களைப் பிரிக்காமல் கைமாற்றிவிட்ட மனிதர். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, ஓய்வுக்குப் பிறகு கிருஷ்ணவேணியிடம் வருகிற எல்லா வழக்குகளிலும் தலையை நுழைப்பார். கார் ஓட்டுகிறவர் அவர் என்பதால் கிருஷ்ணவேணியும் விட்டுவிட்டார்.

இருதயமேரி சொன்னது இதுதான். அவள் கணவன் தேவா ஆட்டோ எலக்ட்ரீஷியன். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊரில் தமிழ்மணி என்று ஒரு விவசாயி. அவருடைய அப்பா வைத்திருந்த பழைய மாரிஸ் மைனர் கார் பல வருஷமாகக் கொட்டகையில் நின்றிருந்தது. இன்ஜினை மெக்கானிக் ஒருவர் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஆனால் இன்ஜினைக் கிளப்பும் இக்னீஷியன் ஒயர்கள் எல்லாம் இற்றுப் போயிருந்தன. அதை முழுசாகப் புதுப்பிக்கத் தேவாவைக் கூப்பிட்டார்கள். சாவி போடும் சுவிட்ச், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் என்று ஒவ்வொன்றுக்கும் புது ஒயர் இழுத்து ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தான். மாலையில் பூஜை போட்டார்கள். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை காலை தமிழ்மணி மயிலம் முருகனிடம் முதல் பயணம் என்று தனியாகக் கிளம்பினார். ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், எதிர்ப்பக்கம் போவதற்காகக் குறுக்கே கடக்கும்போது பானெட்டிலிருந்து புகை வந்து இன்ஜின் நின்றுவிட்டது. நடுச்சாலையில் நின்ற காரின் பின்பக்கத்தில் லாரி மோதியது. தமிழ்மணிக்குத் தலையில் அடி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். உருகிப்போன புது ஒயரைப் பார்த்த போலீஸ், மதியமே தேவாவைக் கடையிலிருந்து அழைத்துப் போய்விட்டது.

"இன்னைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அந்த மனுசனுக்கு எதனா ஆயிடுச்சின்னா கேஸு வேற மாதிரி ஆயிடுமாம். தெருவே நின்னு பாத்துச்சி மேடம், அவர ஜீப்புல ஏத்தினத."

பிறகு கைப்பேசியை நீட்டினாள். பூஜையன்று தேவா அவளுக்கு அனுப்பிய படம். காரின் முன்னால் நின்று எடுத்தது. பானெட் திறந்திருக்கிறது. இன்ஜினுக்குப் பின்னால், காரின் உட்புறத்தைத் தடுக்கும் தகரச் சுவரை ஒட்டிய மேடையில் புது பேட்டரி. வேட்டியை மடித்துக் கட்டிய தமிழ்மணி எட்டிக் குனிந்து, பேட்டரியின் நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிறவர் முகம்போல் இருந்தது அவர் முகம்.

"எவ்ளோ சந்தோசமா இருந்தாரு பாருங்க," என்றாள் இருதயமேரி. "இவரும் அப்டித்தான் இருந்தாரு."

கிருஷ்ணவேணி அந்தப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு பை வறுத்த மல்லாட்டைக் கடலையோடு அப்பாதுரையின் மாருதியில் ஏறினார். இருதயமேரியைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அப்பாதுரை குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். ஒயரை எலி கடித்திருக்க வேண்டுமாம். கிருஷ்ணவேணி மல்லாட்டைத் தோலை ஜன்னல் வழியாக ஊதிவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் தேவா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் கை வைக்கவில்லை. தூங்காததால் கண் மட்டும் வீங்கியிருந்தது. மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணவேணி அவனிடம் போட்ட ஒயரின் தடிமனைக் கேட்டார். அவன் சொன்ன அளவு தேவைக்கு மேலேயே இருந்தது. அடுத்து, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் இணைப்பை மாற்றினானா என்று கேட்டார்.

"இல்ல மேடம். அது பழையபடியேதான் இருக்குது. அத மாத்தணும்னா டைனமோ வரைக்கும் வேலை செய்யணும். ஒரிஜினலாவே இருக்கட்டும்னாரு ஓனரு," என்றான் தேவா. கொஞ்சம் பொறுத்து, "வண்டிய ஒருவாட்டி தொறந்து பாக்க வுடுங்கன்னு கெஞ்சறேன். வுட மாட்டேன்றாங்க," என்றான்.

கார் ஸ்டேஷன் பின்புறத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. பின்பாதி அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வந்தது வந்தபடியே இருக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கூடவே நின்றார்.

கிருஷ்ணவேணி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். எரிந்தது எங்கே என்று தேட வேண்டிய அவசியமில்லை. டைனமோவிலிருந்து தகரச் சுவரில் இருக்கும் சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும் ஒயர் கருகிக் கிடந்தது. பெட்டியும் உருகியிருந்தது. இக்னீஷியனுக்கு மின்சாரம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இன்ஜின் நின்றதில் ஆச்சரியம் இல்லை. காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் புதுசு மாதிரியே இருந்தன.

பிறகு அவர் பேட்டரிக்கு வந்தார். பாடியில் போல்ட் போட்ட கேபிள் சாண் நீளம்கூட இல்லை. அது பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டியிருந்தது.

"என் மாருதி மாதிரியேதான் இருக்குது," என்றார் அப்பாதுரை. "மைனஸு பாடிக்கு. இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"ஆமா சார். உங்க மாருதி மாதிரியேதான் இருக்கு."

அந்தக் கேபிளின் கவ்வி முனையைவிடப் பெரிதாக இருந்தது. தொளதொளவென்று ஆடாமலிருக்க யாரோ ஒரு வெள்ளிக் காகிதத்தைப் பட்டையாக மடித்து இடையில் செருகி, நன்றாக முடுக்கியிருந்தார்கள். காகிதத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பச்சை எழுத்துகள். இன்னொரு கவ்வி நேர்மாறு. அது முனைக்குப் போதாமல், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி அகலமாக்கித் திணித்ததில் ஈயத்தில் பளபளவென்று புதுக் கீறல் விழுந்திருந்தது.

கடைசியாகக் கிருஷ்ணவேணி பேட்டரிக்கும் தகரச் சுவருக்கும் நடுவிலிருந்த விரல் அகல இடுக்கில் கைப்பேசியை விட்டு ஒரு படம் எடுத்தார். அதைச் சப் இன்ஸ்பெக்டரிடமும் அப்பாதுரையிடமும் காட்டினார். இருட்டான படத்தில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் தெரிந்தன.

"பூஜை போட்ட பொட்டு," என்றார் அப்பாதுரை. "அதான் அந்தப் பொண்ணே காட்டுச்சே."

"காட்டுச்சு சார்," என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணவேணி கையைத் துடைத்துக்கொண்டார். இப்படி அரைப் பதில் சொல்வதுதான் அப்பாதுரைக்குத் தாங்காது.

திண்டிவனத்தில் சேரன் என்றொரு மெக்கானிக் இருந்தான். அந்த மாரிஸ் காரை வெகுகாலம் கவனித்தவனும், இப்போது இன்ஜின் வேலை பார்த்தவனும் அவன்தான். ஒயரிங் வேலை மட்டும் விழுப்புரத்து ஆளுக்குப் போனதில் அவனுக்கு ஆத்திரம். அந்த வண்டி ஹைவே தாண்டாது என்று டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறான். இதை இருதயமேரி சொன்னதும் அப்பாதுரை எலியைக் கைவிட்டுச் சேரனைப் பிடித்துக்கொண்டார்.

சேரன் எதையும் மறைக்கவில்லை. "கோவத்துல சொன்னது மேடம். அப்டியே நடந்துச்சேன்னு நேத்துலேர்ந்து சோறு எறங்கல," என்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமியார் ஊரில் இருந்ததாகவும், கொட்டகைச் சாவி தன்னிடம் எப்போதும் இருந்ததில்லை என்றும் சொன்னான். கிருஷ்ணவேணி அவனிடம் கேட்டது ஒன்றுதான். அந்த வண்டிக்கு அவன் பேட்டரி மாற்றியிருக்கிறானா?

"எத்தினியோ தடவ."

"அப்ப சரி," என்று அவர் காரில் ஏறிவிட்டார். அப்பாதுரை ஓடிவந்துதான் ஏற வேண்டியிருந்தது.

தமிழ்மணியின் ஊருக்குள் நுழைந்தபோது வழியெல்லாம் சேறு. முறிந்த புளியங்கிளைகளை அப்போதுதான் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாலை நெடுகப் பள்ளமும் தண்ணீருமாக இருந்ததால் மாருதி மாட்டுவண்டி வேகத்தில் போனது. ஒரே வளாகத்தில் இரண்டு வீடுகள், நடுவில் கொட்டகை. ஒரு வீடு தமிழ்மணியுடையது. அது பூட்டிக் கிடந்தது. மற்றது தம்பி புகழேந்தியுடையது. அவரும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பதாகச் சொன்னார் தமிழ்மணியின் டிரைவர் பச்சைமுத்து.

பச்சைமுத்துவைப் பேச வைக்கச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை தன்னைக் கூப்பிடாமல் ஓனர் தனியாகப் போனதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அண்ணனும் தம்பியும் அப்பாவின் கருமாதியன்று வாய்த்தகராறில் பிரிந்தவர்கள். கார் அண்ணனுக்கு, டிராக்டர் தம்பிக்கு என்று ஆனது. அன்றிலிருந்து ரெண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேச்சில்லை. கொட்டகையில் டீசலும் சாமான்களும் இருப்பதால் தம்பியிடமும் ஒரு சாவி உண்டு. இன்னொன்று ஓனரிடம். பச்சைமுத்துவிடம் ஒன்று.

"ஞாத்திக்கெழம பூஜை முடிஞ்சதும் ஓனரே பூட்டிட்டாரும்மா. அதுக்கப்பறம் பேய்க் காத்து. டிரான்ஸ்பார்மர் மேலயே மரம் வியந்துடுச்சி. மறுநா மத்தியானந்தான் கரண்டு வந்துது," என்றார். காருக்குள் யாராவது கை வைத்திருப்பார்களா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். "அதுல எங்க கை வெக்கணும்னு எனக்கும் சேரனுக்கும் தேவாவுக்குந்தான் தெரியும். வேற யாரும் தொட மாட்டாங்க."

டிராக்டர் கொட்டகைக்கு வெளியே, சரிவில் முகம் கீழே பார்க்க, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்து நின்றது. கல்லை எடுத்துவிட்டால் தானே உருண்டு ஸ்டார்ட் ஆகும்படி நிறுத்தியிருந்தார்கள். அதன் பேட்டரி முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதன்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத் தம்பி வீட்டுக்குள் போனார்கள். புகழேந்தியின் மனைவி அஸ்வினி செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். பேசும்போது மூச்சு லேசாக இரைந்தது. சுவரோரத்தில் இன்வர்ட்டர் பெட்டி மட்டும் இருந்தது. அதன் இரண்டு ஒயரும் எதிலும் மாட்டாமல் தொங்கின. பக்கத்து ஷெல்பில், மூக்கில் வைக்கும் மூடியோடு மருந்து ஆவி பிடிக்கும் மிஷின். அதனருகே கத்தரியால் வெட்டித் திறந்த, பச்சை எழுத்துப் போட்ட வெள்ளி மருந்துப் பைகள். அப்பாதுரை அது என்ன மிஷின் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எனக்கு வீசிங்கு, அக்கா," என்று அஸ்வினி பதிலைக் கிருஷ்ணவேணியிடம் சொன்னாள். "ஈரக்காத்து பட்டா ராத்திரில மூச்சு வுட முடியாது. இத வெச்சாத்தான் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை இரவு கரண்ட் இல்லையே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார் கிருஷ்ணவேணி. இன்வர்ட்டர் பேட்டரி செத்து வெகுநாளாகிறது என்றாள் அவள். "ரொம்ப முட்டிக்கிச்சி. இவருதான் டிராக்டர் பேட்டரிய கயட்டிக்கினு வந்து மாட்டினாரு. அதால பொழச்சேன்."

கிருஷ்ணவேணி தண்ணீரைக் குடித்து முடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்ததை அப்பாதுரை கவனித்தார். அது எதற்கென்றுதான் அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் கிருஷ்ணவேணி சப் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கோர்ட்டுக்குக் கிளம்புமுன் முண்டியம்பாக்கம் வரச் சொன்னார். தேவாவையும் கூடவே அழைத்துவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான நடை. தமிழ்மணியின் மனைவி ஒரு பெஞ்சில், கண்ணாடிக் கதவையே பார்த்தபடி. எதிர்ச் சுவரோரம் புகழேந்தி நின்றிருந்தார். நேற்றிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்று யாரோ சொன்னார்கள். தேவாவைப் போலீஸோடு பார்த்ததும் புகழேந்தி பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். இருதயமேரி மட்டும் அதைப் பார்த்தாள்.

சப் இன்ஸ்பெக்டருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கதவுக்குள்ளேயிருந்து டாக்டர் வெளியே வருவதும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவதுமாக இருந்தார். கிருஷ்ணவேணி குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார்.

"ஒயரிங்ல தப்பு இல்லங்க. ஞாயித்துக்கெழம இன்ஜின் நல்லா ஓடுச்சு. அதுக்கும் திங்கக்கெழம காலைக்கும் நடுவுல யாரோ பேட்டரிய வெளிய எடுத்துட்டுத் திருப்பி வெச்சிருக்காங்க."

எப்படித் தெரியும் என்றார் சப் இன்ஸ்பெக்டர். கிருஷ்ணவேணி இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினார். பூஜையன்று தமிழ்மணி காரின் முன்னால் நின்று பொட்டு வைக்கிறார். பொட்டு முன்பக்கம் இருக்கிறது. ஸ்டேஷனில் அதே பொட்டு தகரச் சுவரைப் பார்த்து, கைப்பேசி விட்டால்தான் தெரியும் இடுக்கில் இருக்கிறது. பேட்டரிக்குப் பின்னால் போய்ப் பொட்டு வைக்க யாருக்கும் கை போகாது. ஆக, பேட்டரிதான் திரும்பியிருக்கிறது.

அப்பாதுரை நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் பாத்தேனே. பொட்டு இருக்குதுன்னு பாத்தேன். எங்க இருக்குதுன்னு பாக்கலியே."

"எதுக்குத் திருப்பணும்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அதற்குப் பதிலாகக் கிருஷ்ணவேணி தேவாவைப் பார்த்தார். பாடிக்கு என்ன கொடுத்திருந்தாய் என்று கேட்டார்.

"பிளஸ்ஸு," என்றான் தேவா. பிறகு அவனுக்கே புரிந்துவிட்டது.

இப்போது ஓடுகிற வண்டிகள் எல்லாவற்றிலும் மைனஸ்தான் பாடிக்குப் போகும். கார், டிராக்டர், ஸ்கூட்டர் எதுவானாலும் அப்படித்தான். இந்த மாரிஸ் மாதிரி அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் தலைகீழ். பிளஸ்தான் பாடிக்கு. இதைக் கிருஷ்ணவேணி பொறுமையாக விளக்கினார். பேட்டரியில் பிளஸ் முனை தடிமன், மைனஸ் முனை மெலிசு. பாடிக் கேபிளில் தடிமனான முனைக்கேற்ற பெரிய கவ்விதான் பழையபடி இருந்தது. எத்தனையோ தடவை பேட்டரி மாற்றிய சேரனோ, காரைத் தெரிந்த பச்சைமுத்துவோ இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். பேட்டரியைத் திருப்பி வைக்க வந்தவருக்கு டிராக்டர் வேலை தெரியும், இந்தக் கார் தெரியாது. மைனஸ்தானே பாடிக்கு என்று அவர் கை பழகியிருக்கிறது. பாடிக் கேபிளோ சாண் நீளம். மைனஸ் முனைக்கு அது எட்டவில்லை. அதனால் பேட்டரியையே திருப்பி வைத்தார். பெரிய கவ்வி மெலிந்த முனையில் தொளதொளத்தது, காகிதம் செருகினார். சின்னது நுழையவில்லை, நெம்பித் திணித்தார்.

"அப்படி மாட்டினாலும் செல்ஃப் சுத்தும். இன்ஜினும் ஓடும். மெதுவாப் போற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வேகம் கூடினாத்தான் டைனமோ மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்கும். அது ஒரு பக்கம் தள்ள, திரும்பி இருக்கிற பேட்டரி இன்னொரு பக்கம் தள்ள, நடுவுல இருக்கிற ஒயரு எரிஞ்சு போகும். ஊர்ச்சாலைல பள்ளமும் தண்ணியும். அங்க வேகமாப் போக முடியல. ஹைவேயக் கடக்கும்போதுதான் முதல் தடவையா ஆக்சிலேட்டர அழுத்தினாரு."

தமிழ்மணியின் மனைவி கதவிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினார்.

"கெடுக்கணும்னு வந்தவன் பண்ணின வேலையா இது?" என்று அப்பாதுரை கேட்டார். முதல் தடவையாக அவர் யார் பெயரையும் சொல்லவில்லை.

"இல்ல சார். கெடுக்க வந்தவன் ஒரு ஒயரப் பிடுங்கி விட்டுப் போவான். காகிதம் மடிச்சு வெச்சு இறுக்கிட்டுப் போக மாட்டான். காலைல வண்டி நல்லபடியா ஸ்டார்ட் ஆகணும்னு நெனச்சவருதான் இதச் செஞ்சாரு." மருந்துப் பையின் வெள்ளிக் காகிதம் அது என்றும், அதே பச்சை எழுத்துப் பை ஒரு வீட்டு ஷெல்பில் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த வீட்டில் டிராக்டர் பேட்டரியை மாட்டியதாக நம்புகிறார்கள். டிராக்டர் பேட்டரியிலோ சிலந்தி வலைகூட அறுபடவில்லை. அது செத்த பேட்டரி என்பதால்தான் டிராக்டரைச் சரிவில் நிறுத்துகிறார்கள்.

கிருஷ்ணவேணி அதற்குமேல் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. திரும்பி, எதிர்ச் சுவரோரம் நின்றவரிடம் மெல்லக் கேட்டார். "அன்னிக்கு ராத்திரி அஸ்வினிக்கு ரொம்ப முடியலையா?"

புகழேந்தி சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒதடு நீலமாயிடுச்சி மேடம். பைக்குல கூட்டிக்கினு போலாம்னா ரோட்டுல மரம், வெடிஞ்சப்பறந்தான் வெட்டி வழி வுட்டாங்க. எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல. கொட்டாயிலே புது பேட்டரி இருந்துது. வெடியறதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னு எடுத்தேன். டார்ச்சு வெளிச்சத்துல சரியாத்தான் மாட்டினேன்னு நெனச்சேன்."

"கதவத் தட்டிக் கேட்டிருக்கலாமே," என்றார் தமிழ்மணியின் மனைவி. சண்டையாகக் கேட்கவில்லை. "கேட்டிருந்தா அவரே கயட்டிக் குடுத்திருப்பாரு. எதுக்கு எது மாட்டணும்னும் சொல்லியிருப்பாரு."

"ரெண்டு வருசமா பேசலியே அண்ணி. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?"

விபத்துச் சேதி வந்ததும் உடனே புரிந்துவிட்டதா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். முதலில் புரியவில்லை, ஒயர் உருகியதென்று கேட்டபோது சந்தேகம் வந்தது, தேவாவை ஏற்றிப் போனார்கள் என்றபோது வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை என்றார் புகழேந்தி. கோழைத்தனம்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது. அவரும் வேறு பெயர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நடந்துபோய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். தேவாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்றார். புகழேந்தி மேல் என்ன நடவடிக்கை என்பதை வாக்குமூலம் வாங்கிய பிறகு மேலிடத்தில் கேட்டுச் சொல்வாராம். தேவா அதைக் கேட்டும் நகரவில்லை. அவன் கேட்டது காரைப் பற்றித்தான். காயில் தப்பித்திருக்கிறதா என்று கிருஷ்ணவேணியிடம் கேட்டான்.

இருதயமேரிதான் எழுந்து புகழேந்தியின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வூட்டுக்காரம்மா பொழச்சது நல்லதுங்க. அதுல எனக்குக் கோவம் இல்ல," என்றாள். "ஆனா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா எங்க தெருவுக்குத் தெரியாது. இவர ஏத்தினத அத்தினி பேரும் பாத்தாங்க. நீங்க விழுப்புரம் வந்து அந்தக் கடை வாசல்ல நின்னு சொல்லணும். யாரு தப்புன்னு."

புகழேந்தி தலை நிமிர்ந்தார். "வர்றேம்மா. கண்டிப்பா வர்றேன்."

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. வந்த நர்ஸ், தமிழ்மணிக்கு நினைவு திரும்பிவிட்டதாகவும் ஆனால் சரியாகப் பேச முடியவில்லை என்றும், தெரிந்த முகம் யாராவது ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றும் சொன்னார். தமிழ்மணியின் மனைவி எழுந்தார். இரண்டடி வைத்தவர் நின்று, தரையில் உட்கார்ந்திருந்த கொழுந்தனைப் பார்த்தார்.

"நீ போ," என்றார்.

கதவு மூடவில்லை. கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு கிடந்த மனிதர் தம்பியை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. வண்டி, என்கிறாரோ என்று தோன்றியது. புகழேந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெண்டு வருஷமாக அண்ணனிடம் சொல்லாமல் வைத்திருந்தது எவ்வளவோ இருந்தது. வந்தது வேறு.

"அதுக்கு பிளஸ்ஸுதான் பாடிக்குன்னு எனக்குத் தெரியலண்ணா."

தமிழ்மணியின் கை போர்வைக்கு மேலே கொஞ்சம் நகர்ந்து தம்பியின் விரலைத் தொட்டது. வெளியே தேவா மனைவியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். நேற்று மதியத்திலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. கிருஷ்ணவேணி மல்லாட்டைப் பையை அவனிடம் நீட்டினார்.